நச்சுக் காற்று சூழும் வேளையில் நம்பிக்கையாளரின் கடமை

(வாலாஜாபாத்தில் நிகழ்த்தப்பெற்ற ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

 

தொழுகை, நோன்பு, ஜகாத், மறுமை ஆகியவற்றைப் பற்றியே இந்த மிம்பரில் பெரும்பாலும் பேசி வருகிறோம். இன்று ஆபத்தான வாயுவோ இரசாயனப் பொருளோ கசிந்துவிட்டால் ஒரு முஸ்லிம் குடும்பம் செய்ய வேண்டியது என்ன என்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். இதற்கும் ஜும்ஆவுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். உயிர் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கருத்தில் அல்லாஹ் நம்மை எச்சரிக்கிறான் (அல்குர்ஆன் 2:195). அமானிதத்தைக் காக்கும் வழியைக் கற்பதும் மார்க்கக் கல்வியின் ஒரு பகுதியே ஆகும்.

நம் வாசலுக்கு வந்த ஆபத்து

சகோதரர்களே! இந்தச் செய்தி எங்கோ தொலைவில் நடப்பது அன்று. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் மாலை, நமது வாலாஜாபாத்தை அடுத்த தேவரியம்பாக்கத்தில் சமையல் எரிவாயு உருளைகள் வைக்கப்பட்டிருந்த கிடங்கில் தீப்பற்றி உருளைகள் வெடித்தன. பத்துக்கும் மேற்பட்டோர் கடுமையான தீக்காயங்களுடன் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பலர் அடுத்து வந்த நாட்களில் ஒருவர்பின் ஒருவராக உயிரிழந்தனர். காலையில் வேலைக்குச் சென்றவர் மாலையில் வீடு திரும்பவில்லை. அந்தக் குடும்பங்களின் கண்ணீர் இன்னும் காயவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், சென்னை எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் தூக்கத்திலிருந்து எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தனர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். எந்தப் பக்கம் ஓடுவது என்று அந்த இருளில் அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை.

நம் ஊரை எண்ணிப் பாருங்கள். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் இரவும் பகலும் டேங்கர் லாரிகள் செல்கின்றன. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகளில் நம் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். குடிநீரைச் சுத்திகரிக்கும் இடங்களில் குளோரின் உருளைகள் உண்டு. ஐஸ் தொழிற்சாலைகளிலும் குளிர்பதனக் கிடங்குகளிலும் அமோனியா உண்டு. ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் 14.2 கிலோ எரிவாயு உண்டு. ஆபத்து நம் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. அதனோடு வாழும் முறையை மட்டும் நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

தவக்குல் என்பது எது?

சிலர் சொல்வார்கள்: "விதியில் இருந்தால் நடக்கும், நாம் என்ன செய்ய முடியும்?" கேட்பதற்கு இது ஈமானின் சொல்லைப் போலத் தோன்றும். ஆனால் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தது இதுவன்று. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வை நம்பலாமா, கட்டிவிட்டு நம்பலாமா என்று ஒரு தோழர் வினவியபோது, முதலில் கட்டிவிட்டு அதன் பிறகு நம்பிக்கை வைக்குமாறே அண்ணலார் பணித்தார்கள் (திர்மிதீ).

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியாவை நோக்கிப் புறப்பட்டு ‘ஸர்ஃக்’ என்னும் இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. தோழர்களைக் கலந்தாலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா தப்பி ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் செல்லவும் வேண்டாம், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால் அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள் (புகாரி, முஸ்லிம்).

இதில் நமக்கு ஒரு பெரும் பாடம் உண்டு. ஆபத்து வந்தால் எப்போதும் ஓடு என்றும் மார்க்கம் சொல்லவில்லை. எப்போதும் உட்கார்ந்திரு என்றும் சொல்லவில்லை. ஆபத்தின் தன்மையை அறிந்து, அதற்கு ஏற்றபடி நடக்கச் சொல்கிறது. வாயுக் கசிவிலும் இதே நிலைதான். சில நேரம் வெளியேறுவது உயிர் காக்கும். சில நேரம் கதவை அடைத்து உள்ளே இருப்பது உயிர் காக்கும்.

போபால் தந்த பாடம்

1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் போபால் நகரின் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட் நச்சு வாயு வெளியேறியது. விடிவதற்குள் நகரம் மயானமாயிற்று. இறந்தோர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் என அரசுக் கணக்கே கூறுகிறது. நச்சுக் காற்றைச் சுவாசித்தோர் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

அவர்கள் ஏன் அவ்வளவு பேர் மடிந்தனர்? ஆலையின் பாதுகாப்புக் கருவிகள் பழுதாகியும் நிறுத்தி வைக்கப்பட்டும் கிடந்தன. ஆலைக்குள் என்ன இருக்கிறது என்று சுற்றுப்புற மக்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த வாயு காற்றைவிடக் கனமானது; தரையோடு தரையாகப் படர்ந்தது. தரையில் படுத்துறங்கிய ஏழைகளையும், உயரம் குறைந்த குழந்தைகளையும் அது முதலில் பற்றியது. காற்று வீசிய திசையிலேயே ஓடியவர்கள் ஓட ஓட அதிகமாகச் சுவாசித்தனர். ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் என்ற ஒரு சிறு செய்தி தெரிந்திருந்தால் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும்.

அந்த இரவில் போபால் ரயில் நிலையத்தில் துணைக் கண்காணிப்பாளராகப் பணியில் இருந்தவர் குலாம் தஸ்தகீர் என்னும் முஸ்லிம் அதிகாரி. பயணிகளோடு நின்றிருந்த விரைவு ரயிலைக் குறித்த நேரத்துக்கு முன்பே அவர் புறப்படச் செய்தார். போபாலுக்கு ரயில்களை அனுப்ப வேண்டாம் என்று அண்டை நிலையங்களுக்குத் தகவல் கொடுத்தார். தாம் ஓடிவிடாமல் நிலையத்திலேயே நின்று பிறருக்கு உதவினார். அந்த நச்சுக் காற்று அவருடைய உடலைக் கெடுத்தது. நெடுங்காலம் நோயுற்றிருந்து 2003ஆம் ஆண்டு காலமானார். ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழ வைத்தவர் போன்றவர் என்று இறைமறை உணர்த்துகிறது (அல்குர்ஆன் 5:32). அவர் எத்தனை உயிர்களைக் காத்தார் என்ற கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது.

கசிவு நேரும்போது

அன்பானவர்களே! இனி நான் சொல்வதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள தாய்மார்களிடமும் பெண் மக்களிடமும் இன்றே சென்று சொல்லுங்கள். கசிவு நேரும் வேளையில் நீங்கள் கடையில் இருக்கலாம். வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தாம்.

முதலாவது, வீட்டுச் சமையல் எரிவாயு. அதற்கு இயற்கையில் வாசனை இல்லை. நாம் அறிந்துகொள்வதற்காகவே நெடியுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். அது காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். காற்றில் அது நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றப் போதுமானது. நெடி அடித்தால் விளக்கைப் போடவும் கூடாது, எரியும் விளக்கை அணைக்கவும் கூடாது. சுவிட்சில் எழும் சிறு பொறியே போதும். ரெகுலேட்டரை மூடுங்கள். கதவையும் சன்னலையும் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகே தொலைபேசியைத் தொடுங்கள். எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் 1906. தீயணைப்புத் துறை 101.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதில் இருந்தவர்களோடு தீக்கிரையானது. அச்செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு உங்களுக்குப் பகை. உறங்கும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள் (புகாரி, முஸ்லிம்). ஆகவே இரவு படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுவது ஒரு சுன்னத்தின் வழி நடப்பதாகும். அந்த நிய்யத்தோடு மூடுங்கள். நன்மையும் கிடைக்கும், பாதுகாப்பும் கிடைக்கும்.

இரண்டாவது, சாலையில் டேங்கர் கவிழ்வது. வேடிக்கை பார்க்க அருகே செல்லாதீர்கள். வண்டியின் பின்னாலும் பக்கவாட்டிலும் உள்ள பலகையில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1075 சமையல் எரிவாயு, 1005 அமோனியா, 1017 குளோரின், 1203 பெட்ரோல். தொலைவிலிருந்தே அது கண்ணுக்குத் தெரிந்தால் குறித்துக்கொண்டு 112 அல்லது 101 எண்ணுக்குச் சொல்லுங்கள். எண் தெரியவில்லை என்பதற்காக நெருங்கிச் செல்ல வேண்டாம். அங்கே பீடி, சிகரெட், வண்டியின் எஞ்சின் எதுவும் கூடாது.

2024 டிசம்பர் 20ஆம் நாள் ஜெய்ப்பூரில் எரிவாயு டேங்கர் மீது லாரி மோதியது. கசிந்து பரவிய வாயு தீப்பற்றி, சாலையில் நின்ற வாகனங்களை எல்லாம் சூழ்ந்தது, பலர் உயிரிழந்தனர். இரண்டு வாரம் கழித்து, 2025 ஜனவரி 3ஆம் நாள் அதிகாலையில் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எரிவாயு ஏற்றி வந்த டேங்கர் கவிழ்ந்து வாயு கசிந்தது. அங்கே போக்குவரத்து நிறுத்தப்பட்டது. சுற்றியுள்ள பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தனர். அல்லாஹ்வின் கருணையால் ஓர் உயிரும் போகவில்லை. கோவையில் கட்டளைக்குக் கட்டுப்படவும் விலகி நிற்கவும் மக்களுக்கு நேரம் கிடைத்தது. அந்த நேரத்தை அவர்கள் வீணாக்கவில்லை.

மூன்றாவது, நச்சு வாயு. வெளியில் இருந்தால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள்; தென்னை ஓலையைப் பாருங்கள், கொடியில் உலரும் துணியைப் பாருங்கள். காற்று போகும் திசையில் ஓடாதீர்கள். கசிவை நோக்கியும் ஓடாதீர்கள். காற்றுக்குக் குறுக்காக நடந்து விலகி, பிறகு மேடான இடத்துக்குச் செல்லுங்கள். குளோரின் போன்ற கனமான வாயுக்கள் பள்ளத்தில் தேங்கும். ஆதலால் பாலாற்றுப் படுகையிலோ வாய்க்காலிலோ இறங்காதீர்கள். கைக்குட்டை, துப்பட்டா எதுவாயினும் நனைத்து மூக்கையும் வாயையும் மூடுங்கள். அது முழுப் பாதுகாப்பு அன்று. விலகிச் செல்லும் அந்தச் சில நிமிடங்களுக்கு உதவும்.

வீட்டுக்குள் இருக்கும்போது வெளியே வாயு சூழ்ந்துவிட்டால், அல்லது உள்ளேயே இருங்கள் என்று அதிகாரிகள் அறிவித்தால், வெளியே ஓடாதீர்கள். கதவு சன்னல்களை அடையுங்கள். ஏசி, கூலர், புகைபோக்கி விசிறி ஆகியவற்றை நிறுத்துங்கள். கதவிடுக்குகளில் ஈரத்துணியைத் திணியுங்கள். சன்னல் குறைவாக உள்ள உள்ளறையில் எல்லோரும் கூடியிருங்கள். வெளியேறுங்கள் என்று அறிவித்தால் நகை, பத்திரம் என்று தேடி நேரத்தை வீணாக்காமல் வெளியேறுங்கள்.

பள்ளிவாசலின் பங்கு

மழையும் குளிரும் கடுமையாக இருந்த இரவுகளில், உங்கள் இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அறிவிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் முஅத்தினுக்குப் பணித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). மழைக்கே இந்தச் சலுகை என்றால் நச்சுக் காற்றுக்குச் சொல்லவும் வேண்டுமா? அத்தகைய வேளையில் ஜமாஅத்துக்கு வரவேண்டாம், வீட்டிலேயே தொழுங்கள். தொழுதுகொண்டிருக்கும்போது ஆபத்து வந்தாலும் தொழுகையை முறித்துவிட்டு உயிரைக் காக்க வேண்டும் என்பதே நம் ஃபுகஹாக்களின் தெளிவான சட்டம். நோன்பு நோற்றிருப்பவர் நச்சு வாயுவால் நோயுற்று மருந்து உட்கொள்ள நேர்ந்தால் நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் களாச் செய்யலாம் (அல்குர்ஆன் 2:184).

நம் பள்ளியின் ஒலிபெருக்கி முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று. ஆபத்து வேளையில் அது இந்தத் தெரு முழுவதற்கும், எல்லா மதத்தாருக்கும் உரிய எச்சரிக்கை மணி. ஆனால் உறுதி செய்யாத செய்தியை அதில் அறிவிக்கக் கூடாது. ஒரு செய்தி வந்தால் தெளிவாக விசாரித்துக்கொள்ளும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான் (அல்குர்ஆன் 49:6). மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. அங்கே கேட்டு உறுதி செய்துகொண்டு அறிவியுங்கள். செல்பேசியில் வரும் வதந்தியைப் பரப்பி மக்களை நெரிசலில் மாட்டிவிடுவதும் பாவமே.

கசிவு நின்ற பிறகு

பாதுகாப்பு என்று அதிகாரிகள் அறிவிக்கும் வரை வீடு திரும்பாதீர்கள். திரும்பியதும் சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள். மூடாமல் கிடந்த உணவையும் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். சிந்திக் கிடக்கும் தூளையோ திரவத்தையோ தொடாதீர்கள். குழந்தைகளைத் தொட விடாதீர்கள். சில வாயுக்களின் தீங்கு பல மணி நேரம் கழித்தே தெரியும். இருமலோ மூச்சிரைப்போ தொடங்கினால் 108ஐ அழைத்து மருத்துவமனை செல்லுங்கள். எந்த வாயு கசிந்தது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரசாயனம் உடலில் பட்டுவிட்டால் உடனே உடையைக் களைய வேண்டும். உடையைக் களைந்தாலே நஞ்சின் பெரும் பகுதி நீங்கிவிடும். தலைவழியாகக் கழற்றினால் அது கண்ணிலும் வாயிலும் படும். ஆகவே கத்தரியால் வெட்டி எடுங்கள். பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டிவிடுங்கள். நிறையத் தண்ணீரும் சோப்பும் கொண்டு கழுவுங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். நம் பெண்கள் வெட்கத்தினால் நஞ்சு படிந்த உடையோடு நின்றுவிடக் கூடாது. பர்தா இல்லாமல் எப்படி வெளியே வருவது என்று நச்சுக் காற்றுக்குள் தயங்கி நின்றுவிடக் கூடாது. நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டவற்றை ஆகுமாக்கும் என்பது ஷரீஅத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அவர்கள் தயங்கினால் குற்றம் அவர்களுடையது மட்டுமன்று. இதைச் சொல்லித் தராத தந்தையும், கணவரும், ஆலிம்களாகிய நாங்களும் அதற்குப் பொறுப்பாளிகள். போர்வையைப் பிடித்து மறைப்பு ஏற்படுத்துங்கள். பெண்களுக்குப் பெண்கள் உதவட்டும். உயிர் பிழைத்தால்தானே ஹயாவைப் பேண முடியும்?

பேராசை என்னும் நெருப்பு

2017ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், நோன்புப் பெருநாளுக்கு முந்தைய நாள், பாகிஸ்தானின் அஹ்மத்பூர் ஷர்கியா அருகே பெட்ரோல் டேங்கர் ஒன்று கவிழ்ந்தது. குடங்களோடும் வாளிகளோடும் மக்கள் ஓடிவந்து சிந்திய பெட்ரோலைச் சேகரித்தனர். தீப்பற்றியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெருநாள் புத்தாடை தைத்து வைத்திருந்த வீடுகளில் மறுநாள் கஃபனாடை தேடினர். அவர்கள் ஏழைகள், அல்லாஹ் அவர்களை மன்னிப்பானாக! ஆனால் நாம் படிப்பினை பெற வேண்டும். சாலையில் சிந்தியது பிறர் பொருள். அதை அள்ளுவது ஹராம், அள்ளும் இடமோ மரணத்தின் வாய்.

இந்த ஜமாஅத்தில் வியாபாரிகள் இருக்கிறீர்கள். குடியிருப்புத் தெருவில், கடையின் பின்னறையில், அனுமதியின்றி உருளைகளை அடுக்கி வைத்திருப்போர் உண்டா? பெரிய உருளையிலிருந்து சிறிய உருளைக்கு எரிவாயுவை மாற்றி விற்போர் உண்டா? ஆசிட், தின்னர், பூச்சிமருந்து ஆகியவற்றைக் குழந்தைகள் உறங்கும் அறைக்குப் பக்கத்தில் வைத்திருப்போர் உண்டா? பிறருக்குத் தீங்கிழைத்தலும் கூடாது, பதிலுக்குத் தீங்கிழைத்தலும் கூடாது என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை (இப்னுமாஜா). அண்டை வீட்டானின் உயிரை அடகு வைத்து ஈட்டும் பணத்தில் பரக்கத் எங்கிருந்து வரும்?

கப்பலின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள், தண்ணீருக்காக மேலே சென்று பிறருக்குத் தொல்லை தருவானேன் என்று எண்ணித் தம் பங்கில் ஓட்டையிட நினைத்த உவமையை நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். மேல்தளத்தார் அவர்களைத் தடுத்தால் இரு சாராரும் பிழைப்பர். விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவர் (புகாரி). போபாலுக்குப் பிறகு நம் நாட்டில் 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1989, 1996ஆம் ஆண்டுகளின் இரசாயன விதிகள் வந்தன. பெரும் அபாயமுள்ள ஆலைகள் சுற்றியுள்ள மக்களுக்கு ஆபத்தைப் பற்றியும், செய்ய வேண்டியவை பற்றியும் தெரிவிக்க வேண்டும் என்பது அந்த விதிகளில் உள்ளது. கேட்பது நம் உரிமை. ஓட்டையைக் கண்டும் மௌனமாக இருந்தால் நாமும் மூழ்குவோம்.

ஜமாஅத்துக்கு மூன்று வேண்டுகோள்

ஒன்று: இந்த வாரமே மஹல்லாவில் தனித்து வாழும் முதியோர், படுக்கையில் இருக்கும் நோயாளிகள், கர்ப்பிணிகள், காது கேளாதோர் ஆகியோரின் பட்டியலை எடுங்கள். முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டாரையும் அதில் சேருங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் இளைஞரைப் பொறுப்பாக்குங்கள். ஒலிபெருக்கியின் ஓசை அவர்களுக்குக் கேட்காது. கதவைத் தட்டும் கைதான் வேண்டும்.

இரண்டு: 112, 101, 108, 1077, 1906 ஆகிய எண்களைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் ஒவ்வொரு சமையலறையிலும் எழுதி ஒட்டுங்கள்.

மூன்று: தீயணைப்புத் துறையினரை அழைத்து மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் செயல்முறை விளக்கம் நடத்துங்கள்.

தேவரியம்பாக்கத்தில் மாண்டவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள். நாம் கற்றுக்கொண்டால், அடுத்த முறை நம் பக்கத்திலேயே ஒரு வீடு பிழைக்கலாம்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளையும், எங்கள் ஊரையும், எங்கள் அண்டை வீட்டாரையும் தீயிலிருந்தும் நஞ்சிலிருந்தும் காத்தருள்வாயாக! உழைக்கச் செல்லும் எங்கள் பிள்ளைகளை நலமுடன் வீடு சேர்ப்பாயாக! ஒட்டகத்தைக் கட்டும் அறிவையும், கட்டிய பின் உன்னையே நம்பும் ஈமானையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!